இந்த மாத யோசனை

"ஏ புனிதா, மேனேஜரு எப்ப வருவாராம்?" அஞ்சம்மாள் இப்படிக் கேட்பது மூன்றாவது முறை.

"திண்டிவனம் தாண்டிட்டாராம். ஏன்க்கா, லீவு கேக்கணுமா?"

"ஏதோ ஒன்னு," என்றாள் அஞ்சம்மாள். வழக்கத்தைவிட ஓரடி தள்ளி நின்றுகொண்டே கடலை உடைக்கும் மெஷினில் மல்லாட்டையைத் தள்ளினாள்.

புனிதாவின் கண் அந்த மெஷின் மேலேயே இருந்தது. பெல்ட்டை மூடியிருந்த தகரம் ஒரே ஒரு திருகில் ஆடிக்கொண்டிருந்தது. மூடி சரியாக இல்லையென்றால் மெஷினே ஓடாதபடி ஒரு சுவிட்சு வைத்தால் என்ன என்று காலையிலேயே அவளுக்கு உதித்துவிட்டது.

வாயைத் திறந்தால் சூப்பர்வைசர் அப்பாதுரை ஓடி வருவார். அங்கேதான் வினை. போன மாதம் அவள் சொன்னதைத் தன் பெயரில் எழுதிக் கொடுத்துக் கைதட்டல் வாங்கிய மகராசன் அவர்.

ஆளுக்கு மாதம் ஒரு யோசனை சொல்லவேண்டும். சொல்லாத மாதம் பலகையில் பெயருக்கு நேரே சைபர்; மூன்று சைபர் விழுந்தால் வேலை காலி. அதுதான் அந்த மில்லின் சட்டம். புனிதாவுக்கு இரண்டு விழுந்தாயிற்று, இன்று மாதக் கடைசி. படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனுக்கு மாத்திரையும் கஞ்சியும் இந்த வேலையில்தான் வருகிறது.

மேனேஜர் சாந்திராஜ் காதில் நேராகப் போட்டால்தான் அது அவளுடைய யோசனை. 'பத்து நிமிஷம்தானே, அக்கா சூதானமானவ' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வயிற்றுப்பாடு வந்துவிட்டால் நல்ல மனசும் இப்படித்தான் கணக்குப் போடும்.

"சார் வந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். புனிதா விழுந்தடித்து வாசலுக்கு ஓடினாள். அஞ்சம்மாளும் சடக்கென்று அந்தப் பக்கம் திரும்பினாள்.

அதே நேரத்தில் தகரம் கழன்று விழுந்தது. அஞ்சம்மாள் புடவைமேல் போட்டிருந்த சட்டையின் கை பெல்ட்டில் சிக்கி, அவள் கையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. மெஷினை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் விழுப்புரம் ஆஸ்பத்திரியில், அஞ்சம்மாளின் கை மணிக்கட்டோடு நின்றுபோயிருந்ததைப் பார்த்ததும் புனிதா அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்து கதறினாள்.

"அக்கா, நான் பாவிக்கா. மூடி ஆடறத காலையிலயே பாத்தேன். மேனேஜர் கிட்டச் சொல்லிப் பேரு வாங்கலாம்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன். என்னச் செருப்பால அடிக்கா!"

அஞ்சம்மாள் நல்ல கையை நீட்டி அவள் தலையைத் தொட்டாள்.

"அழாதடி. உனக்கு முன்னாடியே நான் அதப் பாத்துட்டேன். நானும் மேனேஜருக்குத்தான் காத்துக்கினு இருந்தேன்."