ஒரிஜினல்

"அந்தப் படத்தோட ஒரிஜினல் ஒன்ட்ட இருக்கா?"

போனில் இருளாயி கேட்டது முதலில் ரோகிணிக்குப் புரியவில்லை. அப்புறம், வளைகாப்பில் இருளாயியே சொல்லி எடுக்க வைத்த படம் என்று விளங்கி, இருக்கிறது என்றாள். "யார்ட்டயும் காட்டிராத. இப்பவே வாரேன்" என்று சொல்லி இருளாயி போனை வைத்துவிட்டாள்.

ரோகிணி கப்பலூரில் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்ப்பவள். கேமரா வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. செல்லூரில் தறிப்பட்டறை வைத்திருக்கும் இருளாயி வீட்டு வளைகாப்புதான் அவள் வெளியாட்களுக்கு எடுத்துக்கொடுத்த முதல் விசேஷம். மருமகள் பாண்டிமீனாவுக்கு ஏழாம் மாதம்.

எடுத்த படங்களைப் போனில் இருக்கும் ஆப்பிலேயே சரிசெய்துவிடலாம் என்றுதான் ரோகிணி நினைத்திருந்தாள். பக்கத்து பிளக்ஸ் கடையில் டிசைன் செய்யும் ஆயிஷா சித்திகாதான் வேண்டாம் என்றாள். அந்த ஆப்பில் சேவ் செய்தால் பழைய படம் போய்விடும்; கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரில் என்ன கிறுக்கினாலும் ஒரிஜினல் அப்படியே இருக்கும் என்று சொல்லி, ஒன்றை ஏற்றியும் கொடுத்தாள். இரண்டு வாரம் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகியும் பாதிப் பட்டன்கள் எதற்கு என்று ரோகிணிக்குப் பிடிபடவில்லை.

வளைகாப்பு அன்று வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். படத்தில் எல்லார் முகமும் நீலம் பாய்ந்து கிடந்தது. வெளிச்சத்தின் நிறத்தை மாற்றும் பட்டனை மெல்ல நகர்த்தியதும் எல்லாரும் பழைய நிறத்துக்கு வந்தார்கள், ஒரு படத்தைத் தவிர.

அது, இருளாயி முந்தானையால் மருமகளின் இடது கன்னத்துச் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, "இந்தப் பக்கமா கிட்ட வந்து எடு தாயி" என்று சொல்லி எடுக்க வைத்த படம். புதுத் தோடு தெரியட்டும் என்று சொல்கிறாள் போல என ரோகிணி நினைத்துக்கொண்டாள். அதில் பாண்டிமீனாவின் தாடையோரத்திலும் கழுத்திலும் மட்டும் நீலம் போகவே இல்லை. தனக்குத்தான் சரியாக வரவில்லை என்று, கறையை அழிக்கும் பிரஷ்ஷை எடுத்து ஐந்து முறை தேய்த்தாள். முகம் துடைத்து வைத்ததுபோல ஆகிவிட்டது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் எல்லாப் படங்களையும் அனுப்பிவைத்தாள். பாண்டிமீனாவின் கணவன் சிவக்குமாரிடமிருந்து உடனே பதில் வந்தது. முகத்தை நன்றாக க்ளீன் செய்திருப்பதாகவும், ஒரிஜினல் எதுவும் வேண்டாம், அழித்துவிடுங்கள் என்றும் எழுதியிருந்தான். அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது, இருளாயியின் போனுக்குப் பிறகு, அந்தப் படத்தின் ஒரிஜினலைத் திறந்து, முதல்முறையாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

காதுக்குக் கீழே வரிசையாக நான்கு கன்றல்கள். கழுத்தின் மறுபக்கம் ஐந்தாவது. தார்ப்பாயின் நீலம் இல்லை அது. யாரோ ஒரு கை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

 நேற்று மகன் அழிக்கச் சொன்னான். இன்று தாய் நேரிலேயே வருகிறாள். வீட்டில் ரோகிணியைத் தவிர யாருமில்லை. அம்மாவும் அப்பாவும் திருமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். செல்லூரிலிருந்து அவள் வீடு இருக்கும் காளவாசலுக்கு ஆட்டோவில் அரை மணி நேரம்கூட ஆகாது.

வம்பே வேண்டாம் என்று அழிக்கப்போனாள். பட்டியலிலிருந்து மட்டும் நீக்கவா, கம்ப்யூட்டரிலிருந்தே நீக்கவா என்று சாஃப்ட்வேர் கேட்டது. கேமரா கார்டில் இருந்ததையெல்லாம் அவள் போன வாரமே அழித்திருந்தாள். இது போனால் வேறு இல்லை.

திரையில் பாண்டிமீனா சிரிக்காமல் அவளையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோகிணியின் விரல் நின்றுவிட்டது.

கீழே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பதறிப்போய் அந்தப் படத்தைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தாள். பென்டிரைவை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

இருளாயி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். நல்ல உயரம், கனத்த உடம்பு. உள்ளே வந்ததும் திரும்பிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"எங்க அது?"

 ரோகிணி மூடிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அழிச்சிட்டேம்மா. உங்க மகன்தான் அழிக்கச் சொன்னாரு. நெசமா, இப்ப ஒண்ணும் இல்ல. நான் யார்ட்டயும் சொல்லவும் மாட்டேன்."

இருளாயி ஒரு அடி முன்னால் வந்தாள். ரோகிணி சுவரோடு ஒண்டினாள். அந்தம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், ரோகிணியைப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம் மகன் மேல கேசு குடுக்க, அது ஒண்ணத்தான் நம்பியிருந்தேன் தாயி."