நெய்ப்பந்தம்

இறந்துபோன அமிர்தவல்லி டீச்சரைத் தூக்குவதற்கு முன் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். மில்லில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்த மதியழகன் தலைமாட்டில் நின்றான். அவனை வளர்த்த பாட்டி அவள். ஓய்வு பெற்ற பிறகு அவள் பாடம் நடத்தியதும் அவனுக்கு மட்டும்தான். அவனோ கல்லூரியைப் பாதியில் விட்டான். இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தவன், நின்றபடியே தூங்கிப்போனான். பந்தம் சாய்ந்து அவள் சேலைத் தலைப்பில் தீப்பற்றியது.

"கட்டையில போறவனே, சுடுகாடு வரைக்கும் பொறுக்கலையா உனக்கு?" என்று கத்திக்கொண்டே அத்தை வெறுங்கையால் தட்டி அணைத்தாள்.

நரைத்த தலையோடு ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். டீச்சரிடம் படித்தவர். "திட்டாதீங்கம்மா. கிளாஸ்ல யார் தூங்குனாலும் டீச்சர் எழுப்பவே மாட்டாங்க. ராத்திரி என்ன வேலைக்குப் போனானோன்னு விட்டுருவாங்க" என்றார். பிறகு கையை நீட்டினார். "குடு தம்பி, நான் பிடிச்சுக்கறேன். நீ கொஞ்சம் உக்காரு."

பேரன்தான் பிடிக்க வேண்டும். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மதியழகன் கொடுத்துவிட்டான். கை லேசானதும் அப்பாடா என்றிருந்தது. அத்தை அவன் முகத்தையே பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார இடம் தேடினான்.