நான் ஒரு மணிக்கூடு

தலைப்பு இன்னும் வெளியே வரவில்லை.

உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தின் கேற்றுக்கு வெளியே நின்ற தாய்மார் எல்லோரும் ஒரே யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வலயக் கட்டுரைப் போட்டி தொடங்கியிருந்தது. கஜந்தினியின் மகன் லக்ஷன், ஐந்தாம் ஆண்டு, யன்னலோரமாக இருந்தான்.

போட்டிக்கு வந்தது நீயா மகனா என்று யாராவது அவளைக் கேட்டிருந்தால், கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பாள்.

எல்லாக் கட்டுரைகளையும் அவளே எழுதி, அவன் மண்டைக்குள் ஏற்றியிருந்தாள். நான் ஒரு பனைமரம். நான் ஒரு குடை. நான் ஓர் ஆறு. யாழ்ப்பாணத்தில் எந்த ஆறு ஓடுகிறது என்று அவள் கவலைப்படவில்லை. வழிகாட்டிப் புத்தகத்தில் ஓடியது, அது போதும்.

"கண்ணாலை கண்ட மாதிரி எழுத வேணும்" என்பது அவள் ஓயாமல் சொல்லும் பாடம். ஆனால் அவன் கண்ணால் கண்ட எதையும் அவள் எழுத விட்டதில்லை.

விடியப்புறம் இருட்டோடு எழுப்பிவிடுவாள். கைத்தொலைபேசியில் அலாரம் வைத்தால் பிள்ளை அதோடேயே இருந்துவிடுவான் என்று, நெல்லியடியில் ஒரு மணிக்கூடு வாங்கி, விறாந்தையில் படுக்கும் அவன் தலைமாட்டில் வைத்தாள். இருட்டில் அதன் முள் பச்சையாக மினுங்கும். அடித்தால் அயல் வீட்டு நாயும் எழும்பும்.

லக்ஷன் அதை நிறுத்திவிட்டு, அரைக்கண்ணோடு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, பனைமரமாகவோ குடையாகவோ மாறிப் பாடமாக்கத் தொடங்குவான். ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அதில் அவளுக்கு நல்ல பெருமை.

போன கிழமை ஒரு விடியப்புறம் அது அடிக்கவில்லை. தலைமாட்டில் மணிக்கூடே இல்லை.

அதற்கு முதல் நாள் தேங்காய் பிடுங்க வந்த பஞ்சலிங்கம், தண்ணீர் கேட்டு விறாந்தை வரை வந்திருந்தார். கஜந்தினி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்தான் எடுத்தார் என்று ஒழுங்கை முழுக்க வீடு வீடாகச் சொன்னாள்.

அந்த மனுசன் வைரவர் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினார். என்ன பண்ணி என்ன, அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் ஒருவரும் அவரை மரம் ஏறக் கூப்பிடவில்லை.

இன்னொரு தாய், நிவேதனா, மதிலில் ஏறாத குறையாக எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, 'நான் ஒரு மணிக்கூடு' எண்டு போட்டிருக்கு. உங்கடை மகனுக்கு உது பழக்கினனீங்களோ?"

கஜந்தினி அதைப் பழக்கவில்லை. பனைமரம் போனது. குடையும் போனது. ஓர் ஆண்டு உழைப்பு அப்படியே வெயிலில் நின்றது.

யன்னலுக்குள்ளே மற்றப் பிள்ளைகள் குனிந்துவிட்டார்கள். லக்ஷன் மட்டும் பேனையைக் கடித்தபடி முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

'எழுது ராசா, எதையாவது எழுது' என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். அவர்களுடைய பள்ளிக்கூடத்தில், முதலாவதாக வரும் கட்டுரையைத் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எழுதிய பிள்ளையே வாசிக்க வேண்டும். அந்த ஒலிபெருக்கி ஒழுங்கைக் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். அதைக் கேட்கத்தான் அவள் இவ்வளவு நாளும் நித்திரை முழித்தாள்.

அவன் குனிந்தான். எழுதத் தொடங்கினான். பிறகு கை நிற்கவேயில்லை. இன்னொரு தாள் கேட்டு எழும்பினான்.

பாவி, பனைமரத்தைத்தான் எழுதுகிறான் என்று அவள் முடிவு கட்டினாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் கேற்றுக்கு ஓடி வந்தார்கள். லக்ஷன் நடந்துதான் வந்தான். பல மாதங்களாக அவள் காணாத ஒரு தெளிவு அவன் முகத்தில் இருந்தது. அது அவளை இன்னும் பயப்படுத்தியது.

"முடிவு என்ன எழுதினனீ அப்பன்? முடிவை முதல் சொல்லு."

முடிவுக்குத்தான் கூடப் புள்ளி போடுவார்கள் என்று அவள் பழக்கியிருந்தாள்.

அவன் வழக்கமாக ஒப்புவிக்கும் குரலில் சொல்லவில்லை. மெதுவாக, ஒவ்வொரு வசனமாக நினைத்து நினைத்துச் சொன்னான்.

"'விடிவதற்கு முன் பிள்ளை என்னைக் கிணற்றுக்குள் போட்டான். தண்ணீருக்குள் போன பிறகும் என் பச்சை முள் மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. அது தெரியாமல் போகும் வரை அவன் எட்டிப் பார்த்தபடி நின்றான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு படிக்கப் போனான்.'"

நிவேதனா வாயில் கை வைத்தாள். "முதலாவது உதுக்குத்தான் அக்கா. வேறை ஆருக்கும் இல்லை."

அது கஜந்தினிக்கும் தெரிந்தது. அவள் எழுதிக் கொடுத்த ஒரு கட்டுரையிலும் இப்படி ஒரு வரி கிடையாது. பெருமைதான் முதலில் வந்தது. அது தொண்டையைத் தாண்டுவதற்குள் அந்தப் பச்சை முள் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. இந்தக் கிழமை முழுக்க அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள்.

அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

லக்ஷன் ஒரே மூச்சில் குடித்து முடித்து, வாயைத் துடைத்தான். பிறகு அவளை நேரே பார்த்துக் கேட்டான்.

"அம்மா, திங்கட்கிழமை நான் மைக்கிலை வாசிக்கேக்கை, பஞ்சலிங்கம் அப்புவின்ரை வீட்டுக்கும் கேட்கும்தானே?"