தராத மாஸ்க்

"இத்தனை மாஸ்க்கைக் குவிச்சு வச்சிருக்கே. பத்து குடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

வாசலுக்கு வெளியே நின்றபடியே அக்கா கத்தினாள். காய்ச்சல் வார்டு நர்ஸ் என்பதால் அவள் வீட்டுக்குள் வருவதில்லை.

தங்கை பொம்மை கம்பெனியில் டிசைனர். வீட்டிலேயே த்ரீ-டி பிரிண்டர் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் மாஸ்க் தீர்ந்துபோனதும், "என் தங்கச்சி இருக்கா, மெஷின்ல செஞ்சே குடுத்துடுவா!" என்று வார்டு முழுக்கப் பீற்றிக்கொண்டது அக்காதான். தங்கையும் ஓயாமல் செய்துகொண்டுதான் இருந்தாள். கொடுக்கத்தான் கை வரவில்லை.

"இன்னும் சரியா வரலைக்கா."

"அழகா இருக்கணுமாக்கும்! பொம்மையாடி இது? நாங்க பழைய மாஸ்க்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டு நிக்கிறோம். என் மானம் போகுது!"

தங்கை கதவைச் சாத்திவிட்டாள்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று பக்கவாட்டுச் சந்துக்குப் போய், மூடியிருந்த கண்ணாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

உள்ளே தங்கை முகத்தில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். தலை முதல் தோள் வரை பிளாஸ்டிக் உறை. அதிலிருந்த ஓட்டை வழியாக அம்மா எதையோ ஸ்பிரே செய்துகொண்டிருந்தாள்.

"கசக்குதாடி?"

"கசக்குதும்மா. கன்னத்துப் பக்கம் இடைவெளி இருக்கு."

கழற்றிக் குவியலில் வீசிவிட்டு, வாயைக் கொப்பளித்து, அடுத்த மாஸ்க்கை எடுத்தாள் தங்கை.

அக்கா ஜன்னலைத் தட்டினாள். "என்னம்மா நடக்குது இங்கே?"

"கசப்பு மருந்துடி. வாய்க்குள்ள கசந்தா அந்த மாஸ்க்ல காத்து புகுதுன்னு அர்த்தமாம். நீ பாக்குற குவியல் மொத்தமும் கசந்ததுதான். நாக்கு மரத்துப்போய் இவளுக்குச் சோறே இறங்கல."

அக்கா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். "என்கிட்டே சொல்லியிருக்கலாமேடி..."

"சொன்னா, பரவாயில்ல குடுன்னு வாங்கிட்டுப் போயிடுவே. உன் வார்டுல உள்ளே புகுறது கசக்காதுக்கா. தெரியவே தெரியாது."

அக்காவின் போன் அடித்தது. தலைமை நர்ஸ்.

"என்னம்மா, அவ்வளவு பெருமையாச் சொன்னியே, உன் தங்கச்சி குடுத்தாளா இல்லையா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னிக்குத் தர மாட்டா மேடம். ஆனா அவ தர்ற அன்னிக்கு, நாம கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுக்கலாம்!"