அடுக்களையில் நட்ட கம்பம்

“ஆய்வின் முடிவை மக்களுக்கு எவ்வாறு தெரிவிப்பீர்?” என்ற வினாவுக்குக் கருத்தரங்கு, கையேடு, இணையதளம் என்றே ஆய்வு நிதி கேட்டு வந்த மற்ற எல்லா விண்ணப்பங்களிலும் எழுதியிருந்தது. கரையோரத்து மக்கள் என்றைக்கு ஐயா கருத்தரங்குக்கு வந்தார்கள் என்று தேர்வுக்குழுத் தலைவர் திருவேங்கடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் ஊரின் கடலரிப்பை ஆராயும் ஜெசிந்தா மட்டும் ஒரே வரியில் விடையளித்திருந்தாள்: ‘இருபது ஆண்டில் கடல் வந்து நிற்கப்போகும் இடமெல்லாம், ஊருக்குள்ளேயே, நீலக் கம்பம் நடுவேன்.’

“ஏம்மா, கடலுக்கே எல்லைக்கல்லா?” என்று நேர்காணலில் குழு உறுப்பினர் சபாபதி சிரித்தார். “சனங்க மறுநாளே பிடுங்கி எறிஞ்சிருவாங்க. இதுக்கு நாங்க எப்படி மார்க் போடுறது?”

இந்த நிதி கிடைக்காவிட்டால் அவளுடைய ஆய்வு அத்துடன் நின்றுவிடும். ஆயினும் அவள் குரல் சற்றும் தாழவில்லை.

“ஒண்ணு நட்டுப் பாத்துட்டேன் சார். எங்க வீட்டு அடுக்களையில.”

திருவேங்கடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெற்ற தாயின் அடுக்களையிலேயே முதற்கம்பத்தை நடுவதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்!

“அம்மா என்னம்மா சொன்னாங்க?”

“ஏசுனாங்க சார், நல்லா ஏசுனாங்க. ரெண்டு நாள் எங்கூடப் பேசல. அப்புறம் ஒரு வார்த்தை சொல்லாம, கடல் பக்கம் இருந்த அடுப்பத் தூக்கிக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் வச்சிட்டாங்க.”

சபாபதிதான் மெல்லக் கேட்டார்:

“மொத்தம் எத்தனை கம்பம்மா வேணும்?”