கன்னடம் தெரிந்தால் நல்லது

அறையில் இருந்தவர்கள்: மனிதவளப் பிரிவின் ஜெசிந்தா. டீம் லீடர் கோதண்டம். பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஒரு செக்யூரிட்டி. அவன்.

மேஜைமேல் கடித்து வைத்த சமோசா ஒன்று. கோதண்டத்துடையது.

ஜெசிந்தா லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

அவனுடைய புகைப்படம். அவனுடைய பெயர். கீழே, அவன் எழுதாத ஒரு கடிதம்.

'உங்கள் நிறுவனத்தின் விழுமியங்கள் என்னை ஆழமாக ஈர்த்தன. உங்களில் ஒருவனாக இணைவது என் நெடுநாள் கனவு.'

உங்கள் நிறுவனம் என்றது இந்த நிறுவனத்தை. மூன்று வருடமாக அவன் உட்கார்ந்து தேய்த்த நாற்காலி கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தெரிந்தது.

"எங்க கம்பெனில சேர்றதுக்கு எங்க கம்பெனிய விட்டுட்டு வர்றியா தம்பி?"

கோதண்டம் சிரித்தான். பல்லிடுக்கில் உருளைக்கிழங்கு.

 அவனுக்கு ஹமீதின் முகம் நினைவுக்கு வந்தது.

ஹமீது அறைத்தோழன். ஐந்து மாதமாக அவன் வேலைக்கு அப்ளிகேஷன் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஒவ்வொரு விளம்பரத்தையும் அவன் கடைசி வரி வரை படிப்பான். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம் எழுதுவான். எங்கிருந்தும் பதில் வரவில்லை. வேண்டாம் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

"லவ் லெட்டரா எழுதிட்டிருக்கடா? எவன் படிக்கறான்? சாஃப்ட்வேர்கிட்ட விட்டுட்டு நீ தூங்கு. அது போட்டுக்கிட்டே இருக்கும்" என்றான் ஹமீது.

போன ஞாயிற்றுக்கிழமை ஹமீதே அதை ஏற்றிக் கொடுத்தான்.

அது விளம்பரத்தைத் தேடியது. கடிதம் எழுதியது. அனுப்பியது. எங்கே, எத்தனை என்று அவன் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

ஐந்து மாதத்தில் அந்த வாரம்தான் ஒழுங்காகத் தூங்கினான்.

"வந்த அப்ளிகேஷன எல்லாம் சிஸ்டமே ரேங்க் பண்ணுது" என்றாள் ஜெசிந்தா. குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. "நீங்கதான் ஃபர்ஸ்ட்டு."

எழுதியது ஒரு இயந்திரம். பொறுக்கியது இன்னொரு இயந்திரம். நடுவில் அவன் மாட்டிக்கொண்டான்.

"எந்த வேலைக்கு?" என்று கேட்டான்.

ஜெசிந்தா கோதண்டத்தைப் பார்த்தாள். கோதண்டம் சமோசாவைப் பார்த்தான்.

அவனே திரையைத் தள்ளிப் படித்தான்.

விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயர் இல்லை. ஒரு கன்சல்டன்சி வழியாகப் போட்டிருந்தார்கள். இதே அம்பத்தூர். வாடிக்கையாளர்களுக்குச் சாட்டில் பதில் சொல்லும் வேலை. மூன்று வருட அனுபவம். கன்னடம் தெரிந்தால் நல்லது.

அந்த மாடி முழுக்கக் கன்னடம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

விளம்பரம் வெளியான தேதி, போன மாதம்.

போன மாதம் அவனுடைய பிறந்தநாளுக்குக் கோதண்டம் கேக் வெட்ட வைத்தான். தன் கையாலேயே ஊட்டிவிட்டான். அந்த விரல்களில் இப்போது எண்ணெய்.

அவனே விளம்பரத்தைப் படித்திருந்தால், இது தன் வேலைதான் என்று அப்போதே தெரிந்திருக்கும்.

"இது என் சீட்."

"அது வேற விஷயம்ப்பா" என்றான் கோதண்டம். விரலை நக்கினான். "நீ வெளிய வேலை தேடினதுதான் இங்க மேட்டரு."

ஜெசிந்தா இன்னொரு பக்கத்தைத் திறந்தாள்.

"நீங்களா ரிசைன் பண்ணிட்டா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் குடுத்துருவோம். இல்லன்னா டெர்மினேஷன்னு போகும். நாளைக்கு எங்க சேர்ந்தாலும் அவங்க எங்ககிட்டதான் விசாரிப்பாங்க. டெம்ப்ளேட் இருக்கு. ஓகே குடுத்தா போதும்."

'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன். இந்த நிறுவனத்தின் விழுமியங்கள் என்னை ஆழமாகச் செதுக்கின. உங்களில் ஒருவனாக இருந்தது என் பாக்கியம்.'

சேர்வதற்கும் விலகுவதற்கும் ஒரே வாய் பேசியது போலிருந்தது.

"பேப்பர் இருந்தா நானே எழுதித் தர்றேன்."

"கைல எழுதினா சிஸ்டம் எடுத்துக்காது."

மூன்று வருடம். சான்றிதழ் இல்லையென்றால் அந்த மூன்று வருடத்தை எங்கேயும் காட்ட முடியாது.

 

ஓகேயை அழுத்தினான்.

'நன்றி! இன்றைய அனுபவம் எப்படி இருந்தது?' என்று திரை கேட்டது. ஐந்து நட்சத்திரங்கள் காலியாக நின்றன.

கோதண்டம் கைகொடுக்க எழுந்தான். அவன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொன்னார். சாப்பாட்டு டப்பா, சார்ஜர், ஒரு சட்டை. கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு ரெஜிஸ்டரில் குறிக்கப் போனார்.

அட்டை இல்லாமல் வாசல் திறக்காது. ஜெசிந்தா கூட வந்தாள்.

மனிதவளப் பிரிவின் வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆறு நாற்காலிகள். போன வருடம் ஆறிலும் ஆள் இருந்தது. இப்போது இரண்டில். மீதி வேலையைச் சிஸ்டம் பார்த்துக்கொள்கிறது.

அவள் தன் அட்டையை வைத்தாள். கதவு திறந்தது. அவன் வெளியே வந்தான். கதவு மூடாமலிருக்க அவள் காலைக் குறுக்கே வைத்தாள். ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த சாஃப்ட்வேர்... பேர் என்ன?"

அவன் அவளைப் பார்த்தான். உதட்டுச் சாயம் பாதி அழிந்திருந்தது. கண்ணில் தூக்கமே இல்லை. ஐந்து மாதம் தன் அறைக் கண்ணாடியில் பார்த்த கண்.

"கையாலேயே போடுங்க மேடம்" என்றான். "ஒவ்வொண்ணா படிச்சுப் பாத்துப் போடுங்க."

அவள் தலையாட்டினாள். நம்பியது போலத்தான் இருந்தது.

காலை எடுத்தாள். உள்ளே திரும்பினாள்.

கதவு அவளுக்குப் பின்னால் சாத்தி, பூட்டிக்கொண்டது.