மெகாங் கறி

“மாமியார் வீட்டுக்கா?”

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் கைதிரின் மடியிலிருந்த கறிப் பையைப் பார்த்துக் கேட்டான்.

கைதிர் தயங்கினான். “ம்.”

“நானும்தான். கல்யாணமாகி முதல் வருஷம். எருமைத் தொடையாவே வாங்கிட்டேன். கொஞ்சம் குறைஞ்சாலும் மாமியார் ஊரெல்லாம் சொல்லிடும்பா!”

நாளை நோன்பு. இன்று மெகாங். இந்தோனேசியாவின் ஆச்சேயில் இன்று கறி வேகாத வீடு கிடையாது. மகன் அம்மாவுக்கு வாங்கி வருவான். மருமகன் மாமியாருக்கு.

“வாசல்லயே மஞ்சச் சோறு ஊட்டுவாங்க. அதை முழுங்கிட்டா நாமளும் அந்த வீட்டுப் பிள்ளைதான்” என்று சிரித்தான் புது மாப்பிள்ளை.

கைதிர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் கதை வேறு. அவனும் முஸக்கிரும் காதலர்கள்; ஒரே அறையில் பிடிபட்டவர்கள். பள்ளிவாசல் முற்றத்தில் மேடை போட்டு, ஊர் பார்க்கப் பிரம்படி. கூட்டத்தில் முஸக்கிரின் அம்மா ருகையாவும் நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அன்றே இருவரும் ஆச்சேயை விட்டு மேடான் நகரத்துக்குப் போய்விட்டார்கள். போன மழையில் முஸக்கிர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். கடைசியாகச் சொன்னது இதுதான்.

“மெகாங்குக்கு அம்மா அடுப்புல கறி வேகணும்டா.”

வருவதாக ருகையாவின் போனுக்குச் செய்தி அனுப்பினான் கைதிர். பதில் இல்லை.

ருகையா வீட்டுக்கு எதிரே காப்பிக்கடை. நிறையக் கூட்டம். அவன் கேட்டைத் தொட்டதுமே ஊர்த்தலைவர் ஹஸ்பி எழுந்துவிட்டார்.

“மேடையில அடி வாங்கினவன்தானே இவன்? என்ன தைரியம்! பிடிங்கடா!”

அதற்குள் ருகையா வாசலுக்கு வந்தாள்.

“என் மகனைத் தின்னது போதாதா? எதுக்குடா வந்தே?”

“அம்மா... கறி... முஸக்கிர்தான் சொன்னான்...”

பையை வெடுக்கென்று பிடுங்கினாள். “கொடு! என் மகன் உழைச்ச காசுதானே!”

கடையில் சிரிப்பு. “கிழவி மகனை விட்டாலும் கறியை விடமாட்டா!”

நாலு பேர் கைதிரை நெருங்கினார்கள். ருகையா குறுக்கே புகுந்தாள்.

“தொடாதீங்க! இவனைத் தொட்ட கையோடவா நாளைக்கு நோன்பு பிடிப்பீங்க? நானே விரட்டறேன்.”

விறுவிறுவென்று உள்ளே போனாள். ஒரு வாழையிலைப் பொட்டலத்தோடு வந்து, அவன் நெஞ்சில் விட்டெறிந்தாள்.

“நாய்க்கு வச்ச சோறு! எடுத்துக்கிட்டு ஓடு! அதோ மேடான் பஸ் நிக்குது. இனிமே இந்தப் பக்கம் தலைகாட்டினே, நானே பிடிச்சுக் கொடுத்துடுவேன்!”

“அப்படிக் கேளு, ருகையா!” என்றார் ஹஸ்பி. உட்கார்ந்து காப்பியை எடுத்தார்.

கைதிர் பொட்டலத்தோடு ஓடினான். பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். ஒரு சீட்டில் முகத்தைப் புதைத்து அழுதான்.

கல் மனசு. மகன் எப்படிச் செத்தான் என்றுகூடக் கேட்கவில்லையே.

ஊர் தாண்டியதும் பொட்டலத்தை வெளியே எறியக் கையை நீட்டினான்.

இலை சுட்டது.

பிரித்தான். மஞ்சச் சோறு. அடுப்பிலிருந்து இறக்கிய சூடு ஆறவில்லை. மேலே வெல்லம் போட்ட தேங்காய்ப்பூ.

ஓரத்தில் ஒரே ஒரு வாய்ச் சோறு மட்டும், ஊட்டுவதற்காக உருட்டி, தனியாக வைத்திருந்தது.